ஃப்ரண்ட் எண்ட் செயலிக்குத் தொடக்க டெம்ப்ளேட் அமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய வலைச் செயலி ஒன்றின் ஃப்ரண்ட் எண்டை, அதாவது உலாவியில் ஓடும் பகுதியை, தொடங்குகிறவர்களும், நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுக்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வீட் என்ற பில்ட் கருவி (நிரலை உலாவியில் ஓடும் வடிவத்துக்குத் தயார்செய்வது), ரியாக்ட் என்ற திரை அமைக்கும் நூலகம், வகைக் குறிப்புகள் சேர்த்த ஜாவாஸ்கிரிப்டான டைப்ஸ்கிரிப்ட் ஆகிய மூன்றையும் வைத்தே விளக்கியிருக்கிறேன். ரியாக்டுக்குப் பதிலாக வியூ, ஸ்வெல்ட் பயன்படுத்துகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தொடக்க டெம்ப்ளேட் என்பது என்ன? அது எதற்கு?

ஒவ்வொரு புதிய திட்டத்திலும் முதல் இரண்டு நாட்கள் ஒரே வேலையில்தான் கழிகின்றன. பில்ட் கருவியை நிறுவ வேண்டும், டைப்ஸ்கிரிப்டை அமைக்க வேண்டும், நிரலின் வடிவத்தைச் சீராக்கும் கருவியை இணைக்க வேண்டும், கோப்புறைகளைப் பிரிக்க வேண்டும். இந்த வேலையை ஒருமுறை நிதானமாகச் செய்து எடுத்துவைத்துக்கொண்டு, அடுத்தடுத்த திட்டங்களுக்கு நகலெடுப்பதுதான் தொடக்க டெம்ப்ளேட்.

நேரம் மிச்சமாவது இதன் சிறிய பலன்தான். டெம்ப்ளேட்டில் நீங்கள் எடுக்கும் முடிவு அதிலிருந்து பிறக்கும் எல்லாத் திட்டங்களுக்கும் போய்ச் சேரும். நாற்றங்காலில் கலந்துவிட்ட களை நடவு செய்த வயலெங்கும் முளைப்பது போல, இங்கே விட்ட ஒரு பிழை பத்துத் திட்டங்களில் தலைகாட்டும். அதனால் எனக்கு ஒரே ஒரு விதி போதும்: இது ஏன் இங்கே இருக்கிறது என்று குழுவில் ஒருவராவது ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாத கோப்பு எதுவும் டெம்ப்ளேட்டில் இருக்கக் கூடாது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த விதியிலிருந்து வந்தவைதான்.

இணையத்தில் ஆயிரக்கணக்கில் டெம்ப்ளேட்டுகள் கிடைக்கின்றனவே. நாமே ஏன் அமைக்க வேண்டும்?

அவற்றைப் படியுங்கள், அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அறுபது சார்புத் தொகுப்புகளோடு (நம் செயலி நம்பியிருக்கும், பிறர் எழுதிய நிரல்கள்) வரும் டெம்ப்ளேட் வேறு ஒருவரின் தேவைக்காகச் செய்யப்பட்டது. ஆறு மாதம் கழித்து அதில் ஒன்று உடைந்தால், அது எதற்காக வந்தது என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும். வீட் தரும் அதிகாரப்பூர்வ டெம்ப்ளேட் மிகச் சிறியது. அதிலிருந்து தொடங்கி, தேவையானதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வதே நல்லது. பிறர் எழுதியதிலிருந்து கோப்புகளை எடுத்தால் அதன் உரிமக் கோப்பையும் பாருங்கள். எம்ஐடி போன்ற தாராள உரிமங்களிலும்கூட உரிம அறிவிப்பை வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பழைய பாடங்களில் ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ என்று இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

வேண்டாம். 2016இல் ஃபேஸ்புக் வெளியிட்ட அந்தக் கருவி ஒரு தலைமுறைக்கே ரியாக்ட் கற்றுக்கொடுத்தது; அந்த மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் பல ஆண்டுகள் சரியான பராமரிப்பு இல்லாமல் கிடந்தது. 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே, புதிய செயலிகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. பாடம் பழையதாக இருந்தாலும் அதில் உள்ள ரியாக்ட் பகுதி பெரும்பாலும் செல்லுபடியாகும். முதல் கட்டளையை மட்டும் மாற்றிக்கொண்டு தொடரலாம்.

வீட் ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது?

வெப்பேக் போன்ற முந்தைய பில்ட் கருவிகள், மேம்பாட்டு சர்வர் (எழுதும்போதே செயலியை நம் கணினியில் ஓட்டிக் காட்டுவது) எழும்பும் முன்பே செயலியின் எல்லாக் கோப்புகளையும் படித்து ஒன்றாகக் கட்டிவிடும். செயலி வளர வளரக் காத்திருப்பும் வளரும். 2020இல் எவன் யூ உருவாக்கிய வீட் வேறு வழியில் போகிறது. இன்றைய உலாவிகளுக்கு, ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றை அழைக்கும் இம்போர்ட் வாக்கியத்தைத் தாமே புரிந்துகொள்ளத் தெரியும். அதனால் உலாவி எந்தக் கோப்பைக் கேட்கிறதோ அதை மட்டும் அந்தக் கணத்தில் மாற்றிக் கொடுத்தால் போதும். ஒரு கோப்பைத் திருத்தினால், அது தொடர்புடைய பகுதி மட்டும் திரையில் புதுப்பிக்கப்படும்.

வெளியீட்டுக்கான பில்ட் வேறு. அங்கே கோப்புகள் கட்டப்பட்டு, சுருக்கப்பட்டு, ஒவ்வொன்றின் பெயரிலும் உள்ளடக்கத்தைப் பொறுத்த ஒரு குறியீடு சேர்க்கப்படுகிறது. உள்ளடக்கம் மாறினால்தான் பெயர் மாறும். ஆகவே அந்தக் கோப்புகளை உலாவி நீண்ட நாட்கள் சேமித்து வைத்திருந்தாலும் பழைய நிரல் ஓடும் அபாயம் இல்லை. இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் கோப்புக்கும் ‘பப்ளிக்’ கோப்புறையில் உள்ளவற்றுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவற்றை நீண்ட நாள் சேமிக்கச் சொல்லி சர்வரை அமைத்துவிடாதீர்கள்.

தொடங்கும் முன் கணினியில் என்னென்ன இருக்க வேண்டும்?

நோட்.ஜேஎஸ் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது), கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைப்பது), ஒரு நிரல் தொகுப்பி (எடிட்டர்). நோட்டில் இரட்டைப்படை எண் கொண்ட பதிப்புகளுக்கே நீண்டகால ஆதரவு கிடைத்து வந்திருக்கிறது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட் 7க்கு நோட் 20.19 அல்லது 22.12க்குக் குறையாத பதிப்பு தேவை. குழுவில் ஒருவர் 18, இன்னொருவர் 22 என்று வைத்திருந்தால் விளங்காத பிழைகள் வரும். எந்தப் பதிப்பு என்பதை டெம்ப்ளேட்டிலேயே எழுதிவிடுங்கள். அதற்கு ‘.என்விஎம்ஆர்சி’ என்ற ஒரு வரிக் கோப்பும், திட்டத்தின் தொகுப்புகளைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் ‘எஞ்சின்ஸ்’ என்ற பகுதியும் போதும்.

கட்டளையை ஓட்டியதும் பல கோப்புகள் வருகின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது?

நோட்டோடு வரும் தொகுப்பு நிறுவியான என்பிஎம்மில் ‘என்பிஎம் கிரியேட் வீட்@லேட்டஸ்ட்’ என்று கொடுத்து, ரியாக்டையும் டைப்ஸ்கிரிப்டையும் தேர்ந்தெடுத்தால் வருவனவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து படியுங்கள். எல்லாம் சேர்ந்தே அரை மணி நேர வாசிப்புதான்.

இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் திட்டத்தின் வேர்க் கோப்புறையிலேயே இருக்கும். செயலியின் நுழைவாயில் அதுதான். அதில் மூன்று இடங்களைக் கட்டாயம் மாற்ற வேண்டும்: தலைப்பு, சிறு படச்சின்னம், மொழியைக் குறிக்கும் ‘லேங்’ பண்பு. டெம்ப்ளேட்டில் ஆங்கிலம் என்று எழுதியிருக்கும். தமிழ்ப் பக்கத்தை அப்படியே விட்டால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும். இந்த ஓர் இரண்டெழுத்துத் திருத்தத்தைச் செய்யாமல் வெளிவந்த தமிழ்த் தளங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

எண்ணிக்கை கூட்டும் பொத்தான், சின்னப் படங்கள், மாதிரி சிஎஸ்எஸ் ஆகியவற்றை அழித்துவிடலாம். ‘பப்ளிக்’ கோப்புறையில் வைப்பவை எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே வெளியீட்டுக்குப் போகும். நம் நிரல் இருக்கும் ‘எஸ்ஆர்சி’ கோப்புறையில் இருந்து இம்போர்ட் செய்பவை பில்டில் பதப்படுத்தப்படும். இந்த வேறுபாட்டை ரீட்மீ கோப்பில் ஒரு வரியில் எழுதிவையுங்கள்.

டைப்ஸ்கிரிப்ட் கட்டாயமா?

ஒருவர் மட்டும் வாரக்கடைசியில் எழுதும் சிறு செயலிக்கு இல்லை. இரண்டாவது ஆள் கை வைக்கப்போகிறார் என்றால் ஆம்.

ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: வீட் டைப்ஸ்கிரிப்டைச் சரிபார்ப்பதில்லை. வகைக் குறிப்புகளை உரித்துவிட்டு ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தருவதோடு அதன் வேலை முடிந்தது. எண் வர வேண்டிய இடத்தில் சரத்தைக் கொடுத்தாலும் மேம்பாட்டு சர்வர் சத்தமில்லாமல் ஓடும். நிரல் தொகுப்பி சிவப்புக் கோடு போடும், ஆனால் திறந்து வைத்திருக்கும் கோப்புக்கு மட்டும். அதிகாரப்பூர்வ டெம்ப்ளேட்டின் பில்ட் கட்டளையில், டைப்ஸ்கிரிப்ட் சரிபார்ப்பு முதலில் ஓடி, அதன் பிறகே வீட் பில்ட் தொடங்கும். பில்டை வேகப்படுத்துவதாக எண்ணி அந்த முதல் பகுதியை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எடுத்தால் டைப்ஸ்கிரிப்ட் வெறும் அலங்காரமாகிவிடும். சரிபார்ப்பை மட்டும் ஓட்டத் தனியாக ஒரு ஸ்கிரிப்ட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வகைகளைக் கடுமையாகச் சரிபார்க்கும் ‘ஸ்ட்ரிக்ட்’ அமைப்பை அணைக்காதீர்கள். பாதி வளர்ந்த திட்டத்தில் அதை மீண்டும் இயக்குவது மிகக் கடினம்.

கோப்புறைகளை எப்படிப் பிரிப்பது?

தொடக்கத்தில் பிரிக்காமலே இருங்கள். வெறுமையான பன்னிரண்டு கோப்புறைகளோடு வரும் டெம்ப்ளேட்டுகளால் யாருக்கும் பயனில்லை. எதை எங்கே வைப்பது என்ற விவாதம்தான் மிஞ்சும். செயலி வளரும்போது, கோப்பின் வகையை வைத்துப் பிரிப்பதைவிட வேலையை வைத்துப் பிரிப்பது நல்லது. உள்நுழைவு தொடர்பான கூறு (திரையின் ஒரு துண்டு), ஹூக் (கூறுகள் பயன்படுத்தும் ரியாக்ட் செயற்கூறு), சோதனை எல்லாம் ‘உள்நுழைவு’ என்ற ஒரே இடத்தில் இருந்தால், அதை மாற்றும்போதும் நீக்கும்போதும் ஓரிடத்தில் வேலை முடிந்துவிடும்.

இஎஸ்லிண்ட், பிரிட்டியர் இரண்டுமே வேண்டுமா?

வேண்டும். பிழைக்கு வாய்ப்புள்ள நிரலைச் சுட்டிக்காட்டுவது இஎஸ்லிண்டின் வேலை. நிரலின் தோற்றத்தைச் சீராக்குவது பிரிட்டியரின் வேலை. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுக்காதீர்கள். 2024இல் வந்த இஎஸ்லிண்ட் 9 முதல் அமைப்புக் கோப்பின் வடிவமே மாறிவிட்டது. பழைய கட்டுரைகளில் காணும் புள்ளியில் தொடங்கும் அமைப்புக் கோப்பை நகலெடுத்தால், கருவி அதைக் கண்டுகொள்ளாது.

லாக் கோப்பை கிட்டில் சேர்க்க வேண்டுமா? பல ஆயிரம் வரிகள் இருக்கின்றனவே.

கட்டாயம் சேர்க்க வேண்டும். நிறுவிய ஒவ்வொரு தொகுப்பின் பதிப்பையும் துல்லியமாகப் பதிந்துவைப்பது இந்தக் கோப்புதான். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் ஒரு தொகுப்பின் பதிப்பெண்ணுக்கு முன்னால் ‘^’ குறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1.4.2க்கு முன்னால் அந்தக் குறி இருந்தால், 2.0.0க்குக் கீழே உள்ள எந்தப் புதிய பதிப்பும் ஏற்கத்தக்கது என்று பொருள். லாக் கோப்பு இல்லாவிட்டால், நீங்கள் திங்கட்கிழமை நிறுவியதும் உங்கள் சக ஊழியர் வியாழக்கிழமை நிறுவியதும் வேறு வேறாக இருக்கலாம். நீங்கள் நேரடியாகச் சேர்த்த தொகுப்புகள் பத்து என்றால், அவை இழுத்து வருபவை சில நூறு. அவை ஒவ்வொன்றுக்கும் இதே நிலைதான்.

இதனால் என்ன ஆகும் என்பதை அண்மைக்கால வரலாறு காட்டியிருக்கிறது. 2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற, உலகமெங்கும் பயன்படும் தொகுப்புகளைப் பராமரிப்பவரின் என்பிஎம் கணக்கைப் போலி மின்னஞ்சல் மூலம் கைப்பற்றி, கிரிப்டோ பணத்தைத் திருடும் நிரல் கலந்த பதிப்புகளை வெளியிட்டார்கள். சில மணி நேரத்தில் அவை நீக்கப்பட்டன. அந்த இடைவெளியில் புதிதாக நிறுவியவர்களுக்கே ஆபத்து. லாக் கோப்பின்படி பழைய பதிப்பையே நிறுவியவர்களை அது தொடவில்லை.

ஆகவே, சர்வரிலும் தானியங்கிச் சோதனையிலும் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்று கொடுக்காமல் ‘என்பிஎம் சிஐ’ என்று கொடுங்கள். அது லாக் கோப்பில் உள்ளதை மட்டுமே நிறுவும். பேக்கேஜ்.ஜேசனும் லாக் கோப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் பிழை சொல்லி நின்றுவிடும். நின்றுவிடுவதுதான் நமக்கு வேண்டியது.

2016 மார்ச்சில் நடந்தது இன்னொரு வகை. லெஃப்ட்-பேட் என்ற, பதினோரு வரி மட்டுமே கொண்ட தொகுப்பை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த பேபல் உள்ளிட்ட பெரிய கருவிகளின் நிறுவலே உடைந்தது. இதற்கு லாக் கோப்பு மருந்தல்ல. பதினோரு வரியை நாமே எழுதிக்கொள்வதுதான் மருந்து. டெம்ப்ளேட்டில் ஒரு தொகுப்பைச் சேர்க்கும் முன் அதன் மூல நிரலைத் திறந்து பாருங்கள். சில நேரங்களில் ஐந்து நிமிட வேலைக்காக ஆயுள் முழுக்கச் சுமக்கும் சார்பைச் சேர்க்கப் போயிருப்போம்.

ஏபிஐ சாவியை (வெளிச் சேவையை அழைக்கத் தரும் ரகசியக் குறியீடு), அமைப்பு மாறிகளை எழுதும் ‘.என்வ்’ கோப்பில் வைத்தால் பாதுகாப்புதானே?

இல்லை. இது மிகப் பரவலான தவறான நம்பிக்கை. ‘வீட்_’ என்ற முன்னொட்டு கொண்ட மாறிகள் எல்லாம் பில்ட் செய்யும்போது அப்படியே ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் எழுதப்பட்டுவிடும். உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறக்கத் தெரிந்த யாரும் அதைப் படிக்கலாம். ஃப்ரண்ட் எண்டில் ரகசியம் என்று எதையும் வைக்க முடியாது. உண்மையான ரகசியம் தேவைப்படும் அழைப்பை உங்கள் சர்வர் வழியாகத்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட் டெம்ப்ளேட்டோடு வரும் கிட் புறக்கணிப்புப் பட்டியலில் ‘.லோக்கல்’ என்று முடியும் கோப்புகள் இருக்கின்றன, வெறும் ‘.என்வ்’ இல்லை. ‘.என்வ்’ கோப்பில் எதையாவது எழுதி கமிட் செய்தால் (கிட்டில் பதிந்தால்) அது வரலாற்றில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். டெம்ப்ளேட்டில் ‘.என்வ்.எக்ஸாம்பிள்’ என்ற கோப்பில் மாறிகளின் பெயர்களை மட்டும் கொடுத்து, மதிப்புகளை ஒவ்வொருவரும் தத்தம் ‘.என்வ்.லோக்கல்’ கோப்பில் எழுதிக்கொள்ளும்படி செய்யுங்கள்.

தமிழ் உள்ளடக்கம் வரும் செயலி என்றால் டெம்ப்ளேட்டில் என்ன சேர்க்க வேண்டும்?

நிறைய இருக்கிறது. பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பிற்பாடு யாரும் பார்ப்பதில்லை.

முதலில் எழுத்துரு. பயனரின் கருவியில் எந்தத் தமிழ் எழுத்துரு இருக்கிறது என்பது நம் கையில் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துரு ஒன்றை டெம்ப்ளேட்டிலேயே வைத்துவிடலாம். யூனிகோடில் தமிழுக்கான இடம் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. சிஎஸ்எஸ்ஸில் எழுத்துருவுக்கு இந்த வீச்சைக் குறிப்பிட்டால், தமிழ் எழுத்து இல்லாத பக்கத்தில் உலாவி அந்தக் கோப்பைப் பதிவிறக்காது.

அடுத்தது வரி உயரம். ஆங்கிலத் தலைப்புகளுக்குப் பொருத்தமான 1.1, 1.2 என்ற அளவில் தமிழை வைத்தால், மேல் வரியின் ‘கூ’, ‘ழு’ ஆகியவற்றின் கீழ்ச்சுழியும் கீழ் வரியின் ‘கி’, ‘தீ’ ஆகியவற்றின் மேல்வளைவும் முட்டிக்கொள்ளும். உடல் உரைக்கு 1.6க்கும் தலைப்புக்கு 1.4க்கும் குறைக்காதீர்கள். பொத்தான்களுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். ‘கடவுச்சொல்லை மாற்று’ எவ்வளவு இடம் எடுக்கும் என்பதை ஆங்கிலச் சொல்லை வைத்துக் கணிக்க முடியாது.

எழுத்தை எண்ணுவது மூன்றாவது. ‘தமிழ்’ என்ற சொல்லில் மூன்று எழுத்துகள் என்று நாம் சொல்வோம். ஜாவாஸ்கிரிப்டிடம் அதன் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக அது எண்ணுகிறது. பெயரின் முதலெழுத்தை எடுத்துச் சுயவிவர வட்டத்தில் காட்டும் நிரல், ‘மீனா’ என்ற பெயருக்கு ‘ம’ என்றுதான் காட்டும். ‘இண்டல்.செக்மென்டர்’ என்ற, உலாவிகளில் உள்ளமைந்த வசதி ‘மீ’ என்று சரியாகப் பிரித்துத் தரும். 2024 முதல் எல்லா முக்கிய உலாவிகளிலும் இது இருக்கிறது.

அகரவரிசையும் அப்படித்தான். சாதாரண வரிசைப்படுத்தல் யூனிகோட் எண்ணைப் பார்த்து அடுக்கும். அதில் ‘ன’ எழுத்து ‘ந’வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது, ‘ழ’, ‘வ’வுக்கு முன்னால் நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதே வரிசை. ‘இண்டல்.கொலேட்டர்’ வசதிக்குத் தமிழ் என்று சொன்னால் இந்த வரிசையில் அடுக்கும். ரூபாய்த் தொகையை 12,34,567 என்று இலட்சக் கணக்கில் பிரித்துக் காட்ட ‘இண்டல்.நம்பர்ஃபார்மட்’ உண்டு. இம்மூன்றுக்கும் சிறு உதவிச் செயற்கூறுகள் எழுதி டெம்ப்ளேட்டில் வைத்துவிடுங்கள். வெளித் தொகுப்பு எதுவும் தேவையில்லை.

என் கணினியில் ஓடுகிறது. சர்வரில் பில்ட் உடைகிறது. ஏன்?

முதலில் கோப்புப் பெயரின் எழுத்து வடிவத்தைப் பாருங்கள். விண்டோஸும் மேக்கும் பொதுவாக ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும், லினக்ஸ் கொள்ளாது. கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க, இம்போர்ட் வரியில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால், மடிக்கணினியில் ஓடும், லினக்ஸ் சர்வரில் ‘கோப்பைக் காணவில்லை’ என்று நிற்கும். கோப்பின் பெயரைத் திருத்தினாலும் கிட் அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் விடக்கூடும்; ‘கிட் எம்வி’ கட்டளையால் பெயரை மாற்றுங்கள். வரி முடிவுக் குறிகளின் வேறுபாடும் தொல்லை தரும், ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பு ஒன்றை வைத்தால் தீர்ந்தது.

வெளியிட்ட பிறகு வெள்ளைப் பக்கம் மட்டும் தெரிகிறது. என்ன செய்வது?

தளம் டொமைனின் வேரில் இல்லாமல் உட்பாதையில் இருக்கிறதா என்று பாருங்கள். நிரல் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பின் ‘பேஜஸ்’ சேவையில் ஒரு திட்டத்தை வெளியிட்டால் முகவரியில் களஞ்சியத்தின் பெயரும் சேரும். வீட் அமைப்பில் ‘பேஸ்’ மதிப்பை அதற்கேற்ப மாற்றாவிட்டால், உலாவி ஜாவாஸ்கிரிப்டை வேரில் தேடி 404 (கோப்பு இல்லை) என்ற பிழையை வாங்கும்.

முதல் பக்கம் வந்து, உள்பக்கத்தில் ரெஃப்ரெஷ் செய்தால் மட்டும் 404 வருகிறது என்றால் காரணம் வேறு. அந்தப் பாதை, உலாவிக்குள்ளேயே பக்கம் மாற்றும் ரியாக்ட் ரூட்டருக்குத்தான் தெரியும். சர்வரில் அப்படி ஒரு கோப்பு கிடையாது. தெரியாத பாதைகளுக்கெல்லாம் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் கோப்பையே கொடுக்கும்படி சர்வரை அமைக்க வேண்டும்.

சோதனைக் கருவிகள்?

வீடெஸ்ட் போதும், வீட் கருவியின் அமைப்பையே பகிர்ந்துகொள்கிறது. செயலி திரையில் ஏறுகிறதா என்று பார்க்கும் ஒரே ஒரு சோதனையை டெம்ப்ளேட்டில் வையுங்கள். ஒன்று இருந்தால் இரண்டாவதை எழுதுவது எளிது.

ரெடக்ஸ் (செயலியின் நிலையைக் காப்பது), டெயில்விண்ட் (சிஎஸ்எஸ் எழுத உதவுவது), ஆக்ஸியோஸ் (சர்வரிலிருந்து தரவு எடுப்பது) எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்துவிடலாமா?

உங்கள் எல்லாத் திட்டங்களிலும் ஒன்று கட்டாயம் வருகிறது என்றால் சேர்க்கலாம். சந்தேகம் இருந்தால் வெளியே இருக்கட்டும். பிறகு சேர்ப்பது ஒரு கட்டளை, நீக்குவது ஒரு வார வேலை. சர்வரிலிருந்து தரவு எடுக்க உலாவியின் ‘ஃபெட்ச்’ பல செயலிகளுக்குப் போதும். தேடுபொறி வழியாக வாசகர்கள் வர வேண்டிய செய்தித் தளம், கடை போன்றவற்றுக்கு பக்கத்தை முன்கூட்டியே எச்டிஎம்எல்லாகத் தயார்செய்து தரும் நெக்ஸ்ட்.ஜேஎஸ் அல்லது ஆஸ்ட்ரோவைப் பாருங்கள். இந்த டெம்ப்ளேட்டை அதற்கு வளைக்க வேண்டாம்.

டெம்ப்ளேட்டைக் குழுவோடு எப்படிப் பகிர்வது? பழசாகிவிட்டால்?

கிட்ஹப்பில் ஒரு களஞ்சியத்தை ‘டெம்ப்ளேட் களஞ்சியம்’ என்று குறிக்கும் வசதி 2019 முதல் இருக்கிறது. அதிலிருந்து புதிதாகத் தொடங்கினால் பழைய கமிட் வரலாறு ஒட்டிக்கொண்டு வராது.

நகலெடுத்த திட்டத்துக்கும் மூலத்துக்கும் அதன்பின் தொடர்பு கிடையாது. மூலத்தில் செய்யும் திருத்தம் பழைய திட்டங்களுக்குத் தானாகப் போகாது. ஆகவே டெம்ப்ளேட்டில் மாற்றங்களைத் தேதியோடு பதியும் கோப்பு ஒன்றை வையுங்கள்; பழைய திட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் தன் நகலின் தேதிக்குப் பிந்தையவற்றை மட்டும் படித்து, வேண்டியதை எடுத்துக்கொள்வார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெம்ப்ளேட்டிலிருந்து வெற்றுத் திட்டம் ஒன்றை உருவாக்கி, நிறுவி, சரிபார்ப்பும் சோதனையும் பில்டும் ஓட்டிப் பாருங்கள். உடைந்தால் அன்றே சரிசெய்யுங்கள். இந்த வேலையைக் குழுவுக்குப் புதிதாக வந்தவரிடம் கொடுங்கள். ரீட்மீ கோப்பில் எந்த வரி விளங்கவில்லை என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.